பெரு: இன்கா இடிபாடுகளுக்கு ஐந்து பேர், பத்து நாள் – எந்த வரிசையில் போவது?

பயணப்பை கேட்டது:

வணக்கம். அடுத்த ஜூன் 20 காலை லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ போய் இறங்குகிறோம். 29-ந் தேதி திரும்பணும். ஐந்து நண்பர்கள். எல்லாருக்கும் வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. மூன்று பேர் நாலு நாள் இன்கா பாதையில் நடந்துதான் மச்சு பிச்சு போவோம் என்கிறார்கள். ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கு. சமதளத்தில் நடப்பார், படி இறங்குவதுதான் கஷ்டம். அவருக்குத் துணையாக இன்னொருவர் ரயிலில் வருவார்.

நான் தேடிப் பார்த்ததில் ஆளுக்கு ஒரு வரிசை சொல்றாங்க. எனக்குத் தெரிய வேண்டியது: குஸ்கோ முதலிலா, உருபாம்பா ஆற்றின் புனிதப் பள்ளத்தாக்கு முதலிலா? மச்சு பிச்சுவில் எந்தச் சுற்றுக்கு டிக்கெட் எடுப்பது? நடப்பவர்களும் ரயிலில் வருபவர்களும் ஒரே நாளில் அங்கே சேர முடியுமா? இன்கா பாதைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் வேறு என்ன வழி? வெறும் படம் எடுத்துவிட்டு வர விருப்பமில்லை, கட்டடங்களை நின்று பார்க்கணும். மூன்று பேர் சென்னையிலிருந்து வருகிறார்கள், இரண்டு பேர் அமெரிக்காவிலிருந்து. எல்லாரிடமும் இந்திய பாஸ்போர்ட்தான்.

மேட்டுநிலம் சொன்னது:

பள்ளத்தாக்குதான் முதலில். இதில் சந்தேகமே வேண்டாம்.

லிமா கடலோர ஊர். குஸ்கோ 3,400 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் புரியும். ஒன்றரை மணி நேரத்துக்குள் உடம்பை அவ்வளவு மேலே தூக்கிக்கொண்டு போய், அன்றைக்கே ஊருக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் கோட்டைப் படி ஏறினால் ராத்திரி தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். இறங்கின உடனே விமான நிலையத்திலிருந்து வண்டி பிடித்து ஒயந்தாய்தம்போ (2,790 மீட்டர்) போய்விடுங்கள். ரெண்டு மணி நேரம்தான். உருபாம்பா ஊரும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஆனால் இடிபாடு ஒயந்தாய்தம்போவில்தான் வாசலிலேயே இருக்கு.

உங்கள் தேதிக்கு நான் போடும் வரிசை இது. 20-ந் தேதி ஒயந்தாய்தம்போவில் ஓய்வு, சாயங்காலம் ஊருக்குள் மட்டும் ஒரு நடை. 21 பிசாக் இடிபாடுகள். அது 3,300-க்கு மேலே. பகலில் ஏறி ராத்திரி கீழே வந்து தூங்குவது உடம்பைப் பழக்க நல்ல வழி. 22 காலை ஒயந்தாய்தம்போ கோட்டை, மதியம் மொராய் என்ற வட்ட அடுக்கு வயல்கள். 23 காலை நடப்பவர்கள் பாதைக்குக் கிளம்பட்டும். மற்ற இருவர் குஸ்கோ ஏறட்டும், அதற்குள் அவர்களுக்கும் மூன்று ராத்திரி பழகியிருக்கும். 24-ந் தேதி குஸ்கோவில் இன்ட்டி ராய்மி, சூரியத் திருவிழா. காலையில் கொரிகாஞ்சா என்ற பழைய சூரியக் கோயிலில் தொடங்கி, நடு ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து, மதியம் சக்சாய்வாமானில் முடியும். அங்கே நாற்காலிக்கு டிக்கெட் உண்டு, சுற்றியுள்ள மேட்டில் உட்கார்ந்து பார்க்கக் காசு வேண்டாம். ஆனால் அன்றைக்கு சக்சாய்வாமானை இடிபாடாகப் பார்க்க முடியாது, அதை 27-க்குத் தள்ளுங்கள். அந்த வாரம் குஸ்கோவில் அறை விலை ஏறிவிடும், இப்போதே எடுத்து வையுங்கள். 25 சாயங்காலம் இருவரும் ஒயந்தாய்தம்போ வந்து ரயிலில் மச்சு பிச்சு அடிவார ஊரான ஆகுவாஸ் கலியெந்தெஸ். 26 எல்லாரும் மச்சு பிச்சு. 27, 28 குஸ்கோவும் சுற்றியுள்ளவையும். 28-ந் தேதியை முடிந்தவரை காலியாக விடுங்கள். சாலை மறியல், வேலைநிறுத்தம், மண்சரிவால் ரயில் நிற்பது எல்லாம் அந்தப் பகுதியில் நடக்கக்கூடியவை. ஒரு நாள் கையில் இல்லாவிட்டால் சர்வதேச விமானமே போய்விடும்.

மருந்து: அசிட்டசோலமைட் (டயமாக்ஸ்) 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி, உயரத்தில் முதல் இரண்டு நாள் வரை என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர் தொடக்கூடாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மதமதக்கும், அது பக்கவிளைவு, பயப்பட வேண்டாம். முதல் இரண்டு நாள் மது, தூக்க மாத்திரை கூடாது. ராத்திரிச் சாப்பாடு கொஞ்சமாக இருக்கட்டும், அந்த உயரத்தில் செரிமானம் மந்தம்.

ஐந்து பேரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அடையாளம் இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல் கூடுவது: நுரையீரலில் நீர் கோக்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது: மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான். ஆக்ஸிஜன் தற்காலிக உதவி. "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைக்கிற நண்பர்தான் இதில் ஆபத்து. குழுவாகப் போகும்போது யாருக்கு என்ன செய்கிறது என்று மறைக்காமல் சொல்வது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கோக்கா இலை டீ எல்லா விடுதியிலும் வைத்திருப்பார்கள், பெருவில் அது சட்டப்படி சரி. இலையையோ டீ பொட்டலத்தையோ பையில் போட்டு நாடு தாண்டாதீர்கள். வேலைக்காகப் போதைப்பொருள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர் குடிக்கவே வேண்டாம், பரிசோதனையில் காட்டும்.

விசா: இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால், அல்லது அங்கே வசிப்புரிமை இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாகப் பெரு விசா வேண்டாம். இல்லாவிட்டால் டெல்லி தூதரகம்தான்.

சென்னைக்குத் திரும்புகிற மூவருக்கு ஒரு முக்கியமான விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். குஸ்கோ உயரத்தில் அந்த நோய் இல்லை. ஆனால் இந்தியாவின் பட்டியலில் பெரு இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவு வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

வாசற்சீட்டு சொன்னது:

டிக்கெட் பற்றி நான் சொல்றேன். மச்சு பிச்சுவில் 2024 ஜூனிலிருந்து முறை மாறிடுச்சு. பழைய பதிவுகளில் இருக்கிற சுற்று எண்களை நம்பாதீங்க.

இப்போ மூன்று சுற்று, அதுக்குள்ளே பத்து வழி. சுற்று 1 மேலே நின்று பார்க்கிறது. எல்லாப் படத்திலும் வரும் காட்சி கிடைக்கும், நகரத்துக்குள்ளே நுழைய முடியாது. சுற்று 2-ல் அந்தக் காட்சியும் கிடைக்கும், நகரத்துக்குள்ளும் போகலாம். சுற்று 3 கீழ்ப்பகுதி. மேலிருந்து பார்க்கும் காட்சி கிடைக்காது, சூரியக் கோயிலும் நீர்த்தொட்டிகளும் பக்கத்தில் கிடைக்கும். பின்னால் நிற்கும் வாய்னா பிச்சு சிகரம் ஏறணும்னா அது 3-ஏ, மச்சு பிச்சு மலை 1-ஏ. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வழிதான். சுற்று 1 வாங்கிட்டு உள்ளே போய் 2-க்குத் தாவ முடியாது, காவலர் நிறுத்திடுவார். ஒருவழிப் பாதை என்பதால் விட்டதைத் திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

கட்டடங்களைப் பார்க்கணும்னு சொன்னீங்க, அப்போ சுற்று 2. அதில் 2-ஏ, 2-பி இரண்டில் எது கிடைத்தாலும் எடுங்க. முதலில் விற்றுத் தீர்கிறதும் அதுதான். முழங்கால் பிரச்சினை உள்ளவருக்குப் படி குறைவு 3-பி. ஆனா அந்தப் பெரிய காட்சியை அவர் இழப்பார். பஸ்ஸில் ஏறி பஸ்ஸில் இறங்கி, மெதுவாகப் போனால் 2-பி அவரால் முடியும்னு நினைக்கிறேன். படிகளுக்குப் பெரும்பாலும் கைப்பிடி இல்லை, ஈரமானால் வழுக்கும். ரப்பர் முனை போட்ட கைத்தடியை வயதானவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் விடுறாங்க. ரப்பர் இல்லாத மலையேற்றக் குச்சியை வாசலிலேயே வைக்கணும்.

வெளிநாட்டவருக்கு 152 சோல் (பெருவின் பணம்), மலை சேர்ந்தால் 200. வாங்க வேண்டியது பெரு கலாச்சார அமைச்சகத்தின் சொந்தத் தளத்தில். அதே போலத் தோற்றம் வைத்த இடைத்தரகர் தளங்கள் நிறைய, விலையை டாலரில் காட்டினாலே சந்தேகப்படுங்க. ஒரு நாளைக்கு 4,500 பேர், கூட்ட நாட்களில் 5,600 வரை. அதில் 1,000 டிக்கெட் ஆகுவாஸ் கலியெந்தெஸ் ஊரில் நேரில் விற்கிறாங்க. முந்தின நாளே வரிசையில் நின்று எண் வாங்கணும், எந்தச் சுற்று மிஞ்சும்னு உறுதி இல்லை. ஐந்து பேர் குழு ஜூன் கடைசியில் அதை நம்பிப் போகக் கூடாது.

பெயர் விஷயம். நம்ம ஆட்கள் மாட்டுவது இங்கேதான். படிவத்தில் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம், சில இடத்தில் இரண்டாம் குடும்பப் பெயருக்கும் கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக உள்ளவர்கள், கட்டாயம்னு கேட்டால், உள்ள பெயரையே அங்கேயும் போடுங்க. இனிஷியலை உங்க விருப்பத்துக்கு விரிக்காதீங்க. நுழைவு, ரயில், பஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கணும். பாஸ்போர்ட் எண் அதைவிட முக்கியம். டிக்கெட் எடுத்த பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதையும் கையில் கொண்டு போங்க. ஒருவர் மட்டும் ஐந்து பேருக்கும் பதிவு செய்தால் போதும், ஆனா பாஸ்போர்ட் பக்கத்தைப் படமாக வாங்கி அதைப் பார்த்துத் தட்டணும், வாட்ஸ்அப்பில் சொன்ன எண்ணை வைத்து வேண்டாம். அசல் பாஸ்போர்ட் வாசலில் காட்டணும், நகல் செல்லாது.

நேரம் கோர்ப்பது: முதலில் நுழைவு டிக்கெட், அடுத்து அதுக்கு ஏற்ற ரயில், கடைசியாக பஸ். பலர் மலிவா இருக்குனு ரயிலை முதலில் வாங்கிட்டு நுழைவு கிடைக்காமல் தவிக்கிறாங்க. ஒயந்தாய்தம்போவிலிருந்து ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஊரிலிருந்து மலை மேலே பஸ் அரை மணி, ஒரு வழி 12 டாலர். பஸ்ஸுக்கு இருக்கை எண் கிடையாது, வரிசைதான். காலை 8 மணி நுழைவுன்னா 6.30-க்கே வரிசையில் இருங்க. இருவரும் முந்தின ராத்திரியே அங்கே தங்குவதால் பிரச்சினை இல்லை. ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற மாட்டாங்க, ஒயந்தாய்தம்போ விடுதியிலோ குஸ்கோவிலோ வைத்துட்டுப் போகணும். உள்ளே 40, 35, 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பை கூடாது. கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான், 2 சோல் சில்லறை வேணும். வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. அதனால் உள்ளே போகும் முன் போயிட்டுப் போங்க.

மற்ற இடங்களுக்கு குஸ்கோ சுற்றுலாச் சீட்டு இருக்கு. 130 சோல், 16 இடம், முதலில் பயன்படுத்திய நாளிலிருந்து 10 நாள். மேட்டுநிலம் போட்ட வரிசையில் பிசாக் 21, சக்சாய்வாமான் 27, எல்லாம் அதுக்குள் அடங்குது. 70 சோல் பகுதிச் சீட்டும் இருக்கு, ஆனா பள்ளத்தாக்கு இடங்களுக்கு ஒன்று, குஸ்கோ மேட்டு இடங்களுக்கு இன்னொன்று என்று இரண்டு வாங்கினாலே 140 ஆகிடும். கொரிகாஞ்சா மடமும் மாராஸ் உப்பளமும் இந்தச் சீட்டில் இல்லை, தனிக் காசு.

நடைவழி சொன்னது:

நடப்பவர்களைப் பற்றி.

நாலு நாள் இன்கா பாதைக்கு ஒரு நாளில் 500 பேர்தான். அதில் சுமை தூக்குபவர், சமையல்காரர், வழிகாட்டி எல்லாரும் அடக்கம். பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும், தனியாகப் போக முடியாது. அனுமதி பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் கட்டுப்பட்டது. ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தில் நண்பரைச் சேர்க்க முடியாது, தேதியும் மாற்ற முடியாது. ஜூன் கடைசிக்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் போவதா வேண்டாமா என்பதை இந்த வாரமே முடிவு செய்வது நல்லது.

வழி இப்படி. ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் தொடங்கி மொத்தம் 43 கிலோமீட்டர் அளவு. முதல் நாள் ஆற்றோரம் எளிது, கீழே பள்ளத்தில் யக்தாபாத்தாவின் அடுக்கு வயல்கள் தெரியும். இரண்டாம் நாள் 3,000-லிருந்து 4,215 மீட்டர் கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் 3,600-க்கு இறங்கி பகாய்மாயோவில் கூடாரம். ஜூனில் அங்கே ராத்திரி உறைநிலைக்குப் பக்கம் போகும். விடுதியில் வாடகைக்குக் கிடைக்கும் மெல்லிய தூக்கப்பை போதாது, கழித்தல் வெப்பநிலைக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாரும் பயப்படுவது இந்த இரண்டாம் நாளை. உண்மையில் முழங்காலைப் பதம் பார்ப்பது மூன்றாம் நாள். ருன்குராக்காய், சாயாக்மார்க்கா, புயுபாத்தாமார்க்கா என்று இடிபாடுகள் வரிசையாக வரும் அருமையான நாள் அது, ஆனால் கடைசியில் 3,600-லிருந்து 2,650 வரை கிட்டத்தட்ட முழுக்கக் கற்படி இறக்கம். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. இரண்டு குச்சி, ரப்பர் முனையோடு, கட்டாயம். குச்சியை இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.

சுமை தூக்குபவருக்குச் சட்டப்படி எடை வரம்பு உண்டு, 82-வது கிலோமீட்டரில் தராசில் நிறுத்துவார்கள். உங்கள் பங்குக்கு ஆளுக்கு ஏழு கிலோ என்று நிறுவனம் சொன்னால் தூக்கப்பையும் பாயும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்த்திதான். விலை மிகவும் குறைவாகச் சொல்லும் நிறுவனம் அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். சுமை தூக்குபவருக்குத் தனிக் கூடாரம், தரைவிரிப்பு, முழுச் சாப்பாடு கொடுக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். அந்தப் பாதை அவர்கள் முதுகில்தான் நடக்கிறது.

26-ந் தேதி சந்திப்பது: நடப்பவர்கள் காலையில் இன்ட்டி புன்க்கு என்ற சூரிய வாசல் வழியாக வருவார்கள். அவர்களின் அனுமதியில் மச்சு பிச்சு நுழைவு சேர்ந்தேதான் இருக்கும், ஆனால் எந்தச் சுற்று, எத்தனை மணி என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மற்ற இருவருக்கும் அதே சுற்று, அதே நேரம் கிடைத்தால் ஒன்றாகப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் உள்ளே ஒருவரை ஒருவர் தேடிக் கொண்டிருக்காதீர்கள், ஒருவழிப் பாதையில் அது நடக்காது. பஸ் நிற்கும் வாசலில் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலையும் நிறுவனமே எடுக்கும். அந்த ரயில் எண்ணைக் கேட்டு மற்றவர்களுக்கும் அதையே எடுங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் முதல் மாற்று 104-வது கிலோமீட்டர். ஒயந்தாய்தம்போ ரயிலிலிருந்து நடுவழியில் இறங்கி, சாசாபாம்பா, வின்யாய் வாய்னா இடிபாடுகள் வழியாக ஒரே நாளில் இன்ட்டி புன்க்கு. ஆறேழு மணி நேரம். இதற்கும் அனுமதி வேண்டும், நாலு நாள் பாதையை விட இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். என் கணக்கில் முழுப் பாதையின் மிக அழகான இடிபாடு வின்யாய் வாய்னாதான். அதை ஒரே நாள் நடையில் பார்த்துவிடலாம். சல்கந்தாய் பாதைக்கு அனுமதி வேண்டாம், 4,600 மீட்டரைத் தாண்டும், பனிமலைக் காட்சி பெரியது. ஆனால் இன்கா இடிபாடுகள் வழியில் குறைவு. உங்கள் நோக்கத்துக்கு அது பொருந்தாது.

இடிபாடுதான் குறி என்றால் உண்மையான மாற்று சோக்கெகிராவ். ரயில் இல்லை, பஸ் இல்லை, ஒரு நாளில் பார்ப்பவர் மிகக் குறைவு. குஸ்கோவிலிருந்து அபன்காய் சாலையில் கச்சோரா வரை நாலு மணி நேரம், அங்கிருந்து நடை தொடங்கும் கபுலியோக். 2,900 மீட்டரிலிருந்து அபுரிமாக் ஆற்றுப் பாலத்துக்கு 1,500 வரை இறங்கி, மறுபக்கம் மராம்பாத்தாவுக்கு மறுபடி 2,900 ஏறணும். திரும்பும்போதும் அதே வழி, அதே ஏற்ற இறக்கம். நாலு நாள் வேண்டும். இங்கே ஆளைக் கவிழ்ப்பது உயரம் அல்ல, வெயில். ஆற்றிலிருந்து ஏறும் சரிவில் காலை ஒன்பது மணிக்கு மேல் நிழலே இருக்காது. விடியற்காலை நாலு மணிக்குத் தலைவிளக்கோடு ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். எட்டு மணிக்குத் தொடங்கினால் பாதி வழியில் தண்ணீர் தீரும். ஆற்றங்கரையில் கடிக்கிற சின்ன ஈ ரொம்பத் தொல்லை. முழுக்கை, முழுக்கால் சட்டை போடுங்கள். கோவேறு கழுதையும் ஆளும் கச்சோராவில் கிடைக்கும். மேலே போனால் அடுக்கு வயல் சுவரில் வெள்ளைக் கல்லால் பதித்த லாமா (அந்த ஊர்ச் சுமை விலங்கு) உருவங்கள் இருக்கின்றன. மேற்குச் சரிவில் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், பலர் களைத்துப் போய் அதை விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒரே எச்சரிக்கை: சோக்கெகிராவ், மச்சு பிச்சு இரண்டும் பத்து நாளில் வைத்தால் பள்ளத்தாக்குக்கு நேரமே இருக்காது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

கல்லுளி சொன்னது:

கட்டடங்களை நின்று பார்க்கணும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

ஒயந்தாய்தம்போவை அரை நாளில் முடிக்காதீர்கள். மேலே ஆறு பெரிய ஒற்றைக் கற்கள் நிற்கும் சுவர் இருக்கிறது. இளஞ்சிவப்பு ரயோலைட் என்ற எரிமலைக் கல். வெட்டிய இடம் கச்சிகாத்தா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் பல நூறு மீட்டர் மேலே. அங்கிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, சாய்தளம் வழியாக இந்த மேட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். வழியில் விடப்பட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. களைத்த கற்கள் என்று ஊரில் சொல்வார்கள். சுவரின் மேல் நின்று தென்மேற்கே பார்த்தால் குவாரி இருக்கும் சரிவு தெரியும். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் வேறு வேறு. ஆறு கற்களுக்கும் நடுவே ஒல்லியான கல் பட்டைகள் செருகியிருப்பதைக் கவனியுங்கள். சில கற்களில் 'டி' வடிவக் குழி இருக்கும், உலோகப் பட்டை போட்டு இணைக்கும் முறைக்கானது. வேலை முடியாமலே நின்ற கோயில் அது. அதனால்தான் கட்டும் முறை கண்ணுக்குத் தெரிகிறது. 1537-ல் இன்கா அரசன் மான்கோ இன்கா ஸ்பானியப் படையைத் திருப்பி அடித்ததும் இங்கேதான், கீழ்ச் சமவெளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு.

எதிர்மலையில் பிங்குயுனா தானியக் கிடங்குகள் இருக்கின்றன, காசு கிடையாது. ஏற்றம் செங்குத்து, முழங்கால் நண்பர் வேண்டாம். அவருக்கு ஊரின் தெருக்களே போதும். இன்கா போட்ட தெரு வரிசையும் தெரு ஓரக் கால்வாய்களும் அப்படியே இருக்கின்றன, வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

கல்லை எப்படிக் கொத்தினார்கள் என்ற கேள்விக்கு ஊர் வழிகாட்டிகள் சிலர் மந்திரக் கதை சொல்வார்கள். விடை கல்லின் முகத்திலேயே இருக்கிறது. இரும்பு உளி கிடையாது. கெட்டியான ஆற்றுக் கல்லைக் கையில் எடுத்துப் பொறுமையாகத் தட்டித் தட்டிச் செதுக்கினார்கள். கட்டடக் கலை ஆய்வாளர் ஜான்-பியர் புரோட்சன் குவாரிகளில் அந்தத் தட்டுகற்களைக் கண்டு, தானே அதே முறையில் கல்லைச் செதுக்கிக் காட்டினார். கல்லின் நடுவில் குழிகள் பெரிதாகவும் ஓரத்துக்கு வர வரப் பொடிப்பொடியாகவும் இருக்கும். ஓரத்தில் சின்னத் தட்டுகல்லை மாற்றி எடுத்ததன் அடையாளம் அது. மாலை நேரச் சாய்ந்த வெயிலில் பாருங்கள், தெளிவாகத் தெரியும். கீழ்க்கல்லின் மேல்முகத்தைத்தான் மேல்கல்லின் அடிக்கு ஏற்றபடி குடைந்திருக்கிறார்கள். அதனால்தான் சாந்தே இல்லாமல் பொருத்து அவ்வளவு இறுக்கம்.

சக்சாய்வாமானில் பார்க்க வேண்டியது மூன்று அடுக்காக, ரம்பப் பல் போல மடங்கி மடங்கிப் போகும் சுவர்கள், பெரிய கற்கள் நூறு டன்னுக்கும் மேல். சுண்ணாம்புக்கல். அதன் மேலிருந்த கோபுரங்கள் இன்று இல்லை, அடித்தளம் மட்டும்தான். ஸ்பானியர்கள் தூக்க முடிந்த கல்லையெல்லாம் கொண்டு போய் குஸ்கோ தேவாலயங்களும் மாளிகைகளும் கட்டினார்கள். தூக்க முடியாதது மட்டும் மிஞ்சியது. குஸ்கோவில் நடக்கும்போது வீட்டுச் சுவர்களின் அடியைப் பாருங்கள், இந்தக் கணக்கு புரியும். கொரிகாஞ்சாவில் இது இன்னும் கூர்மை. சூரியக் கோயிலின் மேல் சாந்தோ டொமிங்கோ மடம். 1950 மே 21 நிலநடுக்கத்தில் மேலே கட்டியது இடிந்தது, உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் வெளியே வந்தன. உள்பக்கம் சாய்ந்த சுவர், மேலே குறுகும் வாசல், நிலம் ஆடும்போது அசைந்து மறுபடி உட்காரும் கல் பொருத்து. மூன்றையும் அங்கே ஒரே அறையில் பார்க்கலாம்.

சக்சாய்வாமானைத் தனியாகப் போய்ப் பார்ப்பதைவிட, வண்டியில் தம்போமாச்சாய் (சுமார் 3,700 மீட்டர்) வரை ஏறி, புக்கா புக்காரா, கென்கோ, சக்சாய்வாமான் என்று இறங்கிக்கொண்டே ஊருக்கு வாருங்கள். எட்டு கிலோமீட்டர் அளவு. நடக்க முடியாதவர் வண்டியிலேயே ஒவ்வொன்றாக வரலாம்.

மச்சு பிச்சுவில் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். தண்ணீர் எப்படி வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். ஊற்றிலிருந்து 749 மீட்டர் கால்வாய், அது முடியும் இடத்திலிருந்து படிப்படியாக இறங்கும் 16 நீர்த்தொட்டிகள். முதல் தொட்டி அரசன் வீட்டுப் பக்கம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குப் பக்கம் மழை பெய்யும் செங்குத்து மலைமுகட்டில் அந்த ஊர் சரியாமல் நிற்கக் காரணம் அடுக்கு வயல்களுக்குள் இருக்கிறது: அடியில் பெரிய கல், அதன் மேல் சல்லி, மணல், கடைசியில் மேல்மண். பொறியாளர் கென்னத் ரைட் குழு ஆராய்ந்து, கட்டுமான உழைப்பில் சுமார் 60 விழுக்காடு தரைக்குக் கீழே இருப்பதாகக் கணித்தது. ஊர்ச் சுவர்களுக்கான கிரானைட் அங்கேயே கொத்தியது. பாதி வெட்டிய கற்கள் கிடக்கும் குவாரியும் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, சுற்று 2-ல் போனால் அதைத் தவறவிடாதீர்கள்.

மொராய் பற்றி மேட்டுநிலத்தோடு ஒத்துப்போக மாட்டேன். வட்ட வட்டமான அடுக்குப் பள்ளம், படத்தில் அழகு. ஆனால் இப்போது உள்ளே இறங்க விடுவதில்லை, விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வர மதியம் முழுக்கப் போகும். நேரம் நெருக்கினால் அதை விட்டுவிட்டு திப்போன் போங்கள். குஸ்கோவுக்குத் தென்கிழக்கே, கல் கால்வாயில் தண்ணீர் இன்றும் ஓடுகிற அடுக்கு வயல்கள், கூட்டமே இருக்காது. அதே சுற்றுலாச் சீட்டு போதும். பக்கத்திலுள்ள பிக்கியாக்தாவும் அதே சீட்டில் வரும். அது இன்கா ஊர் அல்ல, அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தைய வாரி நகரம்.

பயணப்பை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்கா பாதைக்கு இன்றைக்கே எழுதறோம், மொராய் அன்றைக்குப் பார்த்து முடிவு செய்கிறோம். இரண்டு கேள்வி மிச்சம். பிசாக்கில் மேலேயிருந்து இறங்கி வருவது நல்லது என்று படித்தேன், முழங்கால் நண்பர் என்ன செய்வது? ஒருவர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பாதையில் நாலு நாள் சமாளிப்பாரா?

மேட்டுநிலம்:

பிசாக்கில் ஒரே வண்டியை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் மேல் வாசலில் இறங்கி, வாசல் பக்கத்துக் குடியிருப்பையும், எதிர்ச் சரிவில் பொந்து பொந்தாகத் தெரியும் கல்லறைகளையும் பாருங்கள். அதுவரை நடை லேசுதான். அதற்குப் பிறகு விளிம்பில் குறுகிய படி, ஒரு சின்னச் சுரங்கம், இன்ட்டிவத்தானா கோயில்கள், பிறகு ஊர் வரை இறக்கம். மற்ற நால்வரும் அதில் போகட்டும், இரண்டரை மணி நேரம் ஆகும். அவர் வந்த வழியே திரும்பி வண்டியில் கீழே சந்தைக்கு வந்துவிடலாம். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளணும், நடுவிலும் கேட்பார்கள்.

நடைவழி:

சைவம் சமாளிக்கலாம். கினோவா, உருளைக்கிழங்கு, சோளம், பயறு எல்லாம் அந்த மண்ணின் சாப்பாடுதான். பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லணும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழிச் சாற்றில் சூப் வரும், முட்டையும் வரும். ஸ்பானிய மொழியில் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் வேவோ' (இறைச்சி, கோழி, மீன், முட்டை வேண்டாம்) என்று நாலையும் தனித்தனியாகச் சொல்லி, சூப்பின் சாறு எதில் என்றும் கேட்கணும். பாதையில் சமையல்காரர் காலை முட்டைக்குப் பதில் ஓட்ஸோ கினோவா கஞ்சியோ செய்து தருவார். புரதம் குறையாமல் இருக்க வேர்க்கடலை மிட்டாய், வறுத்த கடலை ஒரு கிலோ அளவு ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாம் நாள் கணவாய் ஏறும்போது பசி இருக்காது, ஆனால் அரை மணிக்கு ஒரு முறை எதையாவது மென்றுகொண்டே ஏறணும்.

வாசற்சீட்டு:

ஒன்று விட்டுட்டேன். டாலர் நோட்டு கொண்டு போறவங்க, ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் அங்கே வாங்க மாட்டாங்க, புது நோட்டாகப் பார்த்து எடுங்க. பாதை முடிவில் சுமை தூக்குபவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பைச் சோலில், சின்ன நோட்டாக, ஆளாளுக்குக் கையில் கொடுக்கிற மாதிரி ஒயந்தாய்தம்போவிலேயே மாற்றி வைத்துக்கோங்க. 82-வது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கினால் பாதையில் ஏடிஎம் கிடையாது.